மூளைக்கும் ஒரு விதைப்புப் பருவம்



கரிசல் மண்ணில் வாழ்கின்றவர்களுக்கு ஒரு செய்தியை எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. புரட்டாசி, ஐப்பசி மழையில் விதைத்தால் விதைத்ததுதான். தை பிறந்த பின்னர் அதே உளுந்தை, அதே நிலத்தில், இரு மடங்கு கூலி கொடுத்து விதைத்தாலும் பயனில்லை. மனித மூளைக்கும் இப்படி ஒரு விதைப்புப் பருவம் உண்டு. தாயின் கருவறையிலேயே அது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. இதை நான் அறிந்துகொள்ள ஒரு தந்தையின் கண்ணீர் காரணமாயிற்று.

அவர் கோவில்பட்டியில் சிறியதொரு பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவருடைய இளைய மகனுக்கு ஏழு வயது. தலை சிறியது, பேச்சு வரவில்லை. அண்ணன் மதரஸாவில் ஓதிக்கொண்டிருக்கும்போது அவன் வாசற்படியில் அமர்ந்து, அந்த ஓசைக்கு ஏற்ப உடலை அசைத்துக்கொண்டிருப்பான். ஒருநாள் பிள்ளைகள் கலைந்த பின்னர் அவனுடைய தந்தை என்னிடம் ஒரு வழவழப்பான காகிதத்தை நீட்டினார்.

"ஹஜ்ரத், வீட்டை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். நீங்கள் இதைப் படித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்.

தொலைவில் உள்ள ஒரு நகரத்தின் சிகிச்சைக்கூடம் வெளியிட்ட விளம்பரம் அது. 'ஸ்டெம் செல்' ஊசி போட்டால் மூளையில் புதிய அணுக்கள் முளைக்கும், பிள்ளை பேசும், நடக்கும் என்று அதில் கண்டிருந்தது. ஊசிக்கான தொகை லட்சங்களில் இருந்தது. துஆச் செய்வதற்கு நான் தயங்கவில்லை. ஆனால் வீட்டை விற்கச் சொல்வதற்கோ, வேண்டாம் என்று தடுப்பதற்கோ எனக்கு அறிவு போதவில்லை. கலைப் பட்டம் பெற்றவன் நான். உயிரியல் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. எனவே அவரிடம் சில நாள்கள் தவணை கேட்டேன். தெரிந்த மருத்துவர்களை நாடினேன். நூல்களைத் தேடிப் படித்தேன். அவ்வாறு கற்றவற்றை உங்கள் முன் வைக்கிறேன். நம் வீடுகளில் திருமணத்திற்குக் காத்திருக்கும் பெண்பிள்ளைகளும், கருவுற்றிருக்கும் தாய்மார்களும் இருப்பதால் இது அந்த ஒரு கடைக்காரரின் செய்தி மட்டுமன்று.

ஸ்டெம் செல் என்பதைத் தமிழில் குருத்தணு என்கின்றனர். நல்ல பெயர். வாழைக்குருத்திலிருந்து இலை பிறப்பது போலக் குருத்தணுவிலிருந்து வேறு வகை அணுக்கள் பிறக்கின்றன; குருத்தும் எஞ்சி நிற்கிறது. மூளையின் நரம்பணுக்களைப் பெற்றெடுக்கும் குருத்தணுக்கள் கருவறையில் மிக விரைவிலேயே தோன்றிவிடுகின்றன. கருத்தரித்த மூன்றாம் வாரத்தில் சிசுவின் முதுகுப் பக்கத்தில் ஒரு மெல்லிய தகடு உருவாகிறது. அது இருபுறமும் மடிந்து, ஓலைப்பாயைச் சுருட்டுவது போலச் சுருண்டு, ஏறத்தாழ 28ஆம் நாளில் ஒரு குழலாக மூடிக்கொள்கிறது. இதற்கு நரம்புக்குழல் என்று பெயர். பின்னாளில் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளர்வது இக்குழலே. அதன் சுவர் முழுவதும் குருத்தணுக்கள்தாம். இந்த 28ஆம் நாளில் மாதவிலக்கு தவறி இரண்டு வாரங்கள்கூடக் கடந்திருக்காது. பல வீடுகளில் மாமியாருக்கு மட்டுமல்ல, மருமகளுக்கேகூட அப்போது செய்தி தெரிந்திராது!

குழல் மூடிய பின்னர்க் குருத்தணுக்கள் முதலில் தம்மைத்தாமே பெருக்கிக்கொள்கின்றன. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். நல்ல சம்சாரி முதல் வெள்ளாமையை விற்றுவிடாமல் விதைக்கென்று எடுத்து வைப்பானே, அது போன்ற காலம் இது. போதிய அளவு பெருகிய பின்னரே அவை நரம்பணுக்களைப் பெறத் தொடங்குகின்றன. அப்போது ஒவ்வொரு குருத்தணுவும் பிரியும்போது ஒன்று குருத்தணுவாகவே நிற்கும். மற்றொன்று நரம்பணுவாகவோ அதற்கு முந்திய நிலையிலோ புறப்பட்டுவிடும். வளர்ந்த மனிதனின் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கின்றனர். சிந்தனைக்கும் பேச்சுக்கும் உரிய பெருமூளைப் புறணியில் மட்டும் சுமார் 1,600 கோடி. இவற்றில் பெரும்பகுதி கருவின் ஆறாம் மாதத்திற்குள் பிறந்துவிடுகிறது. நான் ஒரு காகிதத்தில் வகுத்துப் பார்த்தேன். 120 நாள்கள் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 90,000 அணுக்களுக்கு மேல் பிறந்தாக வேண்டும். ஸுப்ஹானல்லாஹ்! ஒரு தாய் உலையில் அரிசியைப் போட்டு, வடித்து இறக்கும் நேரத்திற்குள் அவளுடைய வயிற்றில் இருபது லட்சம் நரம்பணுக்கள் பிறந்துவிடுகின்றன.

பிறந்த அணு தன் இடத்திற்குச் செல்லும் விதம் இன்னும் வியப்பானது. குருத்தணு குழலின் உட்சுவரில் காலூன்றி நின்றுகொண்டு, வெளிச்சுவர் வரை ஒரு நீண்ட இழையை நீட்டியிருக்கிறது. புதிய நரம்பணு அந்த இழையைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. இதனை 1970களின் தொடக்கத்தில் பாஸ்கோ ராகிச் என்னும் அறிஞர் விளக்கமாகக் காட்டினார். நெடுங்காலம் இவ்விழை வெறும் சாரக்கம்பு என்றே எண்ணியிருந்தனர். சாரமாக நிற்கிற அதே அணுதான் நரம்பணுவைப் பெறும் தாய் என்பது 2000, 2001 ஆம் ஆண்டுகளில் உறுதியாயிற்று. பள்ளிவாசலில் முதலில் வந்தவர் முன் ஸஃப்பில் நிற்பார். பின்னர் வந்தவர் பின்னே நிற்பார். புறணியில் ஒழுங்கு வேறு. பின்னால் பிறந்த அணுக்கள் முன்னவற்றைக் கடந்து சென்று அவற்றுக்கும் வெளியே அணிவகுக்கின்றன. இப்படியே ஆறு அடுக்குகள் அமைகின்றன.

இந்தக் கட்டுமானத்தை நம் தமிழகத்திலேயே அணு அணுவாகப் படம் பிடித்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. சென்னை ஐ.ஐ.டி.யில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் 2022இல் தொடங்கப்பட்டது. பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் அதனை வழிநடத்துகிறார். 14 வாரம் முதல் 24 வாரம் வரையிலான ஐந்து சிசுக்களின் மூளைகளை, தலைமுடியைவிட மெல்லிய சீவல்களாக அறுத்து, அணுக்கள் தெரியுமளவுக்குப் படமெடுத்து, 5,132 சீவல்களைக் கொண்ட வரைபடத் தொகுதி ஒன்றை அம்மையம் 2024 டிசம்பரில் வெளியிட்டது. அதற்கு 'தரணி' என்று பெயர். உலகின் எந்த ஆய்வாளரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். எந்த வாரத்தில் எந்தப் பகுதியில் குருத்தணுக்கள் செறிந்திருக்கின்றன, எங்கே குறையத் தொடங்குகின்றன என்பதை இனி ஊகிக்க வேண்டியதில்லை. கண்ணால் காணலாம். பிறக்காமலே போன ஐந்து பிள்ளைகள், பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காக இவ்வளவு சொல்லிச் சென்றிருக்கின்றனர்.

கருவறையின் மூன்று இருள்களில் மனிதன் படிப்படியாகப் படைக்கப்படுவதைக் குர்ஆன் ஸுமர் அத்தியாயத்தில் நினைவூட்டுகிறது. சில பிரசுரங்களில் இன்றைய விஞ்ஞானம் முழுவதையும் ஓரிரு வசனங்களுக்குள் காட்டிவிட முயல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிந்திக்கும்படி இறைவன் பணித்தான். சிந்தித்து, உழைத்து, கண்டறிய வேண்டியது நம் கடமை. அந்த உழைப்பில் நம் பங்கு என்ன என்று கேட்டுக்கொள்வதே நமக்கு நல்லது.

இனி அந்தச் சிறுவனிடம் வருவோம். அவனுக்கிருப்பதை மருத்துவர்கள் 'மைக்ரோசெபலி' என்கின்றனர். சிறுதலைக் குறை என்று சொல்லலாம். இது பல காரணங்களால் வரும். அவற்றுள் ஒன்று, குருத்தணுவின் பெருக்கத்திலேயே நேரும் பிழை. பத்துச் சுற்று இரட்டித்தால் ஓர் அணு 1,024 ஆகும். ஒன்பதோடு நின்றுவிட்டால் 512தான். ஒரே ஒரு சுற்றுக் குறைந்தால் பாதி போய்விட்டது! குருத்தணு சரிபாதியாகப் பிரிவதற்கு உதவும் ஒரு மரபணு பழுதுபட்டால் அது பெருக வேண்டிய காலத்திலேயே நரம்பணுவாக மாறிவிடுகிறது. விதைக்கு வைத்ததைக் குற்றித் தின்றுவிட்ட குடும்பம் போலப் பின்னால் விதைக்க ஒன்றும் இராது. மூளை சிறுத்துவிடுகிறது, மூளைக்கேற்பத் தலையும்.

பாகிஸ்தானின் பஞ்சாபில் குஜ்ராத் என்றொரு நகரம். அங்கே 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஷா தவ்லா என்பவரின் அடக்கத்தலம் இருக்கிறது. சிறுதலையுடன் பிறந்த பிள்ளைகளை அங்கே காணிக்கையாக விட்டுவிடும் வழக்கம் நெடுநாள் இருந்தது. அவர்களை 'ஷா தவ்லாவின் எலிகள்' என்று அழைத்து, பிச்சையெடுக்கவும் வைத்தனர். நேர்ச்சையை நிறைவேற்றாத தாய்க்குப் பிறந்த பிள்ளை என்பது ஒரு கதை. இரும்பு வளையம் மாட்டித் தலையைச் சிறுக்கவைத்தார்கள் என்பது மற்றொரு கதை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகர ஆய்வாளர்கள் பாகிஸ்தானிய வழிவந்த குடும்பங்களை ஆராய்ந்து, இக்குறைக்குக் காரணமான முதன்மையான மரபணுவை 2002இல் கண்டறிந்தனர். நமக்கு அருகிலும் இந்த ஆய்வு நடந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அருண்குமாரும், நிம்ஹான்ஸ் மருத்துவர் சதீஷ் கிரிமாஜியும், அவர்களுடன் பணியாற்றியவர்களும் இந்தியக் குடும்பங்களில் இதே குறையை உண்டாக்கும் வேறொரு மரபணுவை 2009இல் அறிவித்தனர். இன்று இத்தகைய மரபணுக்கள் சுமார் முப்பது அறியப்பட்டிருக்கின்றன. நேர்ச்சையும் இல்லை, சாபமும் இல்லை, கண்ணேறும் இல்லை. ஓர் அணு இரண்டாகப் பிரிவதில் நேர்ந்த தடுமாற்றம்!

இக்குடும்பங்களுக்குள் பெரும்பாலும் பொதுவாக இருந்தது ஒன்று உண்டு. பெற்றோர் இருவரும் நெருங்கிய இரத்த உறவினர்.

வாசகர்களே, இங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. இது நம் வீட்டு விஷயம். கடைக்காரரின் மனைவி அவருடைய தாய்மாமன் மகள். தமிழகத்தில் எல்லாச் சமயத்தாரிடமும் உறவில் மணம் முடிக்கும் வழக்கம் இருக்கிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இம்மாநிலப் பெண்களில் 28 விழுக்காட்டினர் உறவில் மணந்தவர்கள். ஆகவே நம்மை மட்டும் குறை கூறுவதற்கில்லை. இக்குறைக்குரிய மரபணு ஒருவரிடம் ஒற்றையாக இருந்தால் அவருக்குத் தீங்கில்லை. அது இருப்பதே தெரியாது. தாய், தந்தை இருவரிடமும் அதே பிழை இருந்து, பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்தால்தான் குறை வெளிப்படும். அப்படிப்பட்ட இணையருக்கு ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அந்நியரை மணக்கும்போது இருவரிடமும் அதே பிழை இருப்பது அரிது. ஒரே பாட்டனாரின் பேரப்பிள்ளைகள் மணக்கும்போது அவ்வளவு அரிதன்று.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் பாகிஸ்தானிய முஸ்லிம் குடும்பங்களை ஆயிரக்கணக்கில் ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு இதுதான்: பிறவிக் குறைகள் பொதுவாக 3 விழுக்காட்டளவில் இருக்க, ஒன்றுவிட்ட சகோதர உறவில் மணந்தவர்களிடம் அது 6 விழுக்காடாயிற்று. இரு மடங்கு என்பது உண்மை. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பிள்ளைகள் அக்குறை இல்லாமல் பிறந்தனர் என்பதும் உண்மை. ஆகவே 'மாமன் மகளைக் கட்டினால் ஊனம்தான்' என்று மிரட்டுவது அறிவுடைமை ஆகாது. ஏற்கெனவே குடும்பத்தில் இத்தகைய ஒரு பிள்ளை பிறந்திருந்தால் மட்டும் கணக்கு அடியோடு மாறிவிடுகிறது. அங்கே எச்சரிக்கை கட்டாயம்.

மார்க்கம் இதை அனுமதித்திருக்கிறது; கட்டளையிடவில்லை. நம் பகுதி இராவுத்தர்கள் ஹனஃபி மத்ஹபினர்; கடற்கரை மரைக்காயர்கள் ஷாஃபிஈக்கள். ஷாஃபிஈ சட்ட நூல்களில் மணமகளிடம் விரும்பத்தக்க பண்புகளைக் கூறும் இடத்தில், மிக நெருங்கிய உறவினளாக இல்லாதிருத்தலும் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இமாம் நவவீ அவர்களின் மின்ஹாஜிலும் இது காணப்படுகிறது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஹதீஸ் ஆதாரபூர்வமானதன்று என்றும் அறிஞர்கள் கூறியிருக்கின்றனர். அதையும் நான் மறைக்கவில்லை. சொத்து வெளியே போகாமலிருக்க உறவில் முடிப்பதை 'சுன்னத்' என்று பேசுகிற பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். வேறொரு இரத்தக் குறைக்காக ஈரான் 1997 முதலும், சவூதி அரேபியா 2004 முதலும் நிக்காஹுக்கு முன் இரத்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அங்கே மார்க்கம் குறைந்துவிடவில்லை.

மரபணு நம் கையில் இல்லை. கையில் இருப்பவை சில உண்டு. அவை மிக மலிவானவை என்பதுதான் என்னை உறுத்திய செய்தி.

நரம்புக்குழல் 28ஆம் நாளில் சரியாக மூடாவிட்டால், பிள்ளை முதுகில் பிளவோடு பிறக்கும். அல்லது மண்டையோடும் மூளையும் அமையாமலே போகும். இந்தியாவில் ஆயிரம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ நான்கில் இக்குறை காணப்படுவதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. குருத்தணு விரைந்து பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமின் தேவை. முன்பு ஒரு முறை இக்குறையுடன் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு, கருத்தரிக்கும் முன்பிருந்தே இம்மாத்திரையைக் கொடுத்து ஆராய்ந்தபோது, மறுபடியும் அக்குறை நேர்வது 72 விழுக்காடு குறைந்தது என்று 1991இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் குழு அறிவித்தது. சில ரூபாய் மாத்திரை! நம் கரிசல் பூமியில் விளையும் பாசிப்பயறு, உளுந்து, தட்டைப்பயறு, நிலக்கடலை எல்லாவற்றிலும் இச்சத்து இருக்கிறது, கீரையிலும் இருக்கிறது. ஆனால் வேகவைக்கும்போது ஒரு பகுதி போய்விடும். ஆகவே கோவில்பட்டிக் கடலை மிட்டாயே போதும் என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டாம்! பிள்ளை வேண்டும் என்று எண்ணுகிற நாளிலிருந்தே, மருத்துவரைக் கேட்டு, அளவறிந்து மாத்திரையை எடுக்க வேண்டும். வளைகாப்புக்கு நாள் பார்க்கும்போது தொடங்கினால் குழல் மூடி மாதங்கள் ஆகியிருக்கும்.

அடுத்தது உப்பு. இதைக் கடைக்காரரிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது. அவருடைய கடை வாசலில் எப்போதும் ஒரு கல் உப்பு மூட்டை நிற்கும். தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து வருவது. நம் மாவட்டத்தின் பெருமை அது. சிசுவின் தைராய்டு சுரப்பி இயங்கத் தொடங்குவதற்கு முன்னர், முதல் மாதங்களில், தாயின் தைராய்டு நீரே மூளையின் வளர்ச்சிக்கு உரம். அந்த நீர் சுரப்பதற்கு அயோடின் வேண்டும். கருவுற்றவளுக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோ கிராம். அது ஊசிமுனையளவுகூட இராது. நேரடி உணவுக்காக அயோடின் சேர்க்காத உப்பை விற்பதற்கு 2006 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. அப்படியிருந்தும் 2018-19 தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டில் 76.3 விழுக்காடாக இருக்க, தமிழகத்தில் 61.9 விழுக்காடுதான். மாநிலங்களில் கடைசி இடம்! நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவிக்கிற மாநிலத்தின் நிலை இது. கல் உப்புத்தான் குழம்புக்கு ருசி என்று உம்மாமார்கள் சொல்வார்கள். ருசி இருக்கட்டும், பையில் 'அயோடின் சேர்த்தது' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூடியுள்ள பாத்திரத்தில் வையுங்கள். அடுப்பின் அனலுக்கு அருகே திறந்து வைத்தால் அயோடின் குறைந்துபோகும்.

நோய்க்கிருமிகளும் இந்த விதைப்பைப் பாழாக்கும். 2015, 2016இல் பிரேசில் நாட்டில் சிறுதலையுடன் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் பிறந்தபோது, கொசுவால் பரவும் ஜிகா கிருமி சிசுவின் நரம்புக் குருத்தணுக்களையே தேடித் தாக்குவதைக் கண்டனர். 2021இல் திருவனந்தபுரம் வரை அக்கிருமி வந்தது. ஆனால் நமக்கு இன்னும் பழைய பகை ருபெல்லா என்னும் அம்மை. கருவுற்ற முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு அது வந்தால் பிள்ளை காது கேளாமல், கண்ணில் புரையோடு, சிறுத்த தலையோடு பிறக்கக்கூடும். 2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி போடத் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் எத்தனை வதந்திகள் உலவின என்பதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அது குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி என்று நம் மஹல்லாக்களில் பலர் நம்பினர். அன்று தடுக்கப்பட்ட சிறுமிகள் இன்று மணப்பருவத்தில் இருக்கின்றனர். அவர்களுக்கு நிக்காஹுக்கு முன் அந்த ஊசியைப் போட்டுவிடலாம். கருவுற்ற பின்னர்ப் போடக்கூடாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று மிம்பரில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்!

சரி, விதைப்புக் காலம் முடிந்த பின்னர் மூளையில் ஒன்றுமே முளைக்காதா? கடைக்காரரின் கேள்வியும் அதுதான். நெடுங்காலம் விஞ்ஞானிகள் 'முளைக்காது' என்றே சொல்லிவந்தனர். 1960களில் ஜோசப் ஆல்ட்மன் என்பவர் வளர்ந்த எலியின் மூளையில் புதிய நரம்பணுக்கள் பிறப்பதைக் காட்டினார், எவரும் பொருட்படுத்தவில்லை. 1998இல் ஸ்வீடனின் பீட்டர் எரிக்சனும் அமெரிக்காவின் ஃபிரெட் கேஜும், இறந்த ஐந்து புற்றுநோயாளிகளின் மூளையை ஆராய்ந்து, நினைவாற்றலுக்குரிய ஹிப்போகேம்பஸ் என்னும் சிறு பகுதியில் முதிய வயதிலும் புதிய அணுக்கள் பிறந்திருப்பதை அறிவித்தனர். 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பனின் அளவைக்கொண்டு அணுக்களின் வயதைக் கணக்கிட்டு, அப்பகுதியில் ஒவ்வொரு பக்கத்திலும் நாளொன்றுக்கு 700 புதிய அணுக்கள் சேர்வதாகச் சொன்னார்கள். 2018இல் ஓர் ஆய்வு, வளர்ந்தவர்களிடம் அப்படி ஒன்றுமே இல்லை என்றது. அதே ஆண்டில் மற்றோர் ஆய்வு, 79 வயதிலும் இருக்கிறது என்றது. 2025 ஜூலையில், பெரியவர்களின் ஹிப்போகேம்பஸில் பிரிந்துகொண்டிருக்கும் தாயணுக்களையே கண்டதாக ஸ்வீடன் குழுவினர் வெளியிட்டனர். அல்ஸைமர் என்னும் மறதி நோயில் இளம் அணுக்கள் குறைந்துவிடுகின்றன என்று 2019இல் மாட்ரிட் நகரில் ஓர் ஆய்வு காட்டியது. வாதம் முடிந்துவிடவில்லை. ஆனால் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும் கணக்கைப் பாருங்கள். கருவறையில் நிமிடத்துக்கு 90,000. பின்னர், நினைவுக்குரிய ஒரு மூலையில், நாளுக்கு சில நூறு.

இந்தச் சில நூறை வைத்துத்தான் விளம்பரக்காரர்கள் வீடு விற்கச் சொல்கிறார்கள். ஊசியில் அவர்கள் போடுவது பெரும்பாலும் எலும்பு மச்சையிலிருந்தோ, தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்த அணுக்கள். அவை மூளையில் சென்று ஆறு அடுக்குப் புறணியைக் கட்டி எழுப்பும் என்பதற்குச் சான்றில்லை. வெறும் பண நட்டத்தோடும் இது முடிவதில்லை. இஸ்ரேல் நாட்டுச் சிறுவன் ஒருவனுக்கு மாஸ்கோவில் சிசுக்களிலிருந்து எடுத்த நரம்புக் குருத்தணுக்களை மூன்று முறை செலுத்தினர். சில ஆண்டுகள் கழித்து அவனுடைய மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள் தோன்றின. ஆராய்ந்தபோது அவை அவனுடைய அணுக்களல்ல, கொடுத்தவர்களின் அணுக்கள்! 2009இல் இது மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, இரத்தம் சார்ந்த சில நோய்களுக்குச் செய்யும் மாற்றுச் சிகிச்சை நீங்கலாக, மற்றெல்லாக் குருத்தணுச் சிகிச்சையும் ஆராய்ச்சியே, அதை விற்கக்கூடாது, ஆராய்ச்சியில் சேர்கிறவரிடம் பணம் வாங்கவும் கூடாது. 2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம், ஆட்டிசத்துக்கு இச்சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்றும், அதை விளம்பரப்படுத்துவது தொழில்முறைத் தவறு என்றும் கூறியது. உண்மையான ஆராய்ச்சி எப்படி நடக்கும் என்பதற்கு ஜப்பானின் கியோட்டோ நகரம் சாட்சி. பார்க்கின்சன் நடுக்க நோயாளிகள் ஏழு பேருக்கு ஆய்வுக்கூடத்தில் குருத்தணுவிலிருந்து வளர்த்த நரம்பணுக்களைப் பதித்து, இரண்டு ஆண்டுகள் கண்காணித்து, 2025இல்தான் முடிவை வெளியிட்டனர். அதுவும் தீங்கில்லை, சிலருக்கு நடுக்கம் தணிந்தது என்ற அளவில். ஒரே வகை அணு அழிந்த நோய்க்கே இவ்வளவு நிதானம் என்றால், கட்டப்படாத மூளையை மூன்று ஊசியில் கட்டித்தருவோம் என்பதை என்னவென்று சொல்வது!

"அப்படியானால் என் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லையா, ஹஜ்ரத்?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் பல நாள்கள் அஞ்சியிருந்தேன்.

புதிய அணுக்கள் பிறக்காவிட்டாலும், இருக்கிற அணுக்களுக்கிடையே புதிய இணைப்புகள் உண்டாவது நிற்பதில்லை. பயிற்சி அதைத்தான் செய்கிறது. கையைப் பிடித்து நடக்கப் பழக்குவது, விழுங்கப் பழக்குவது, சைகையால் பசியைச் சொல்லப் பழக்குவது. 2013இல் தொடங்கப்பட்ட குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் ஆரம்ப இடையீட்டு சேவை மையங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே இப்பயிற்சிகளுக்குக் கட்டணம் இல்லை. ஏழு வயதில் போவது தாமதம்தான். இரண்டு வயதில் போயிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். இதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பின்பு காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். வீட்டை அவர் விற்கவில்லை.

சில வாரங்கள் சென்று ஒருநாள் லுஹர் நேரத்தில் மீண்டும் வந்தார். இம்முறை மூத்த மகளைப் பற்றி. பத்தொன்பது வயது, அவருடைய தங்கையின் மகனுக்கே கொடுப்பதென்று சிறு வயதிலேயே பேச்சு. ஷவ்வால் மாதத்தில் நிக்காஹ் வைத்துக்கொள்ளலாம் என்று தங்கை சொல்லியனுப்பியிருக்கிறார். தம்பியின் குறை மரபணுவால் வந்ததென்றால், குறையில்லாத அக்காளிடம் அந்தப் பிழை ஒற்றையாக இருப்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்று நான் படித்ததை அவரிடம் சொன்னேன். இப்போதே சம்பந்தத்தை முறிக்க வேண்டியதில்லை. முதலில் சிறுவனின் இரத்தத்தைப் பரிசோதித்துப் பிழை எந்த மரபணுவில் என்று காண வேண்டும். அது தெரிந்தால்தான் மகளிடமும் மாப்பிள்ளையிடமும் அதைத் தேட முடியும். ஒருவரிடம் இல்லையென்றாலும் கவலை தீர்ந்தது.

"தங்கச்சி என்ன நினைக்குமோ" என்றார்.

அவரை அழைத்துக்கொண்டு நானே அந்த அம்மாவின் வீட்டிற்குச் சென்றேன். முதலில் கோபித்தார், தம் மகன்மீது பழி சுமத்துவதாக எண்ணினார். பிறகு உள்ளே போய், வாசற்படியில் அமர்ந்திருந்த மருமகனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மரபணுப் பிரிவுக்குப் போவதென்று முடிவாயிற்று. கடைக்காரர், அவர் மனைவி, பிள்ளை மூவருக்கும் இரயிலில் பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. ஷவ்வால் பேச்சை அந்த அம்மாவே தள்ளி வைத்திருக்கிறார். கடை வாசலில் உப்பு மூட்டை இப்போதும் நிற்கிறது. கருவாடு போடுகிறவர்களுக்கும் தோல் பதனிடுகிறவர்களுக்கும் மட்டும்தான் அதை விற்பதாகச் சொல்கிறார்.